வீட்டில் எல்லா முடிவும் ஒருவர் தலையில்: உடம்பு இதையும் கணக்கில் எடுக்குமா?

மூத்தவள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே வெகுநாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

போன மாதம் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் அங்கிருந்த நர்ஸ் சும்மா என் கையிலும் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். 160-க்கு 100. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், ஏறக்குறைய அதேதான். "உங்களுக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அப்பாவின் சர்க்கரை அளவு, மகளின் கண்ணாடி பவர், கணவர் பல் அடைத்துக்கொண்ட தேதி எல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் ஆளுக்கொரு ஃபைல் வைத்திருக்கிறேன். என் பெயரில் ஃபைலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் முடிவெல்லாம் நான்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்கலாமா, குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம். கணவர் எதற்கும் குறுக்கே நிற்க மாட்டார். "உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்" என்பார். கேட்பவர்களுக்கு இது பெரிய சுதந்திரமாகத் தெரியும். ஏதாவது சறுக்கினால் மட்டும் "நீதானே முடிவு பண்ணினாய்" என்று வரும்.

என் தங்கை வீட்டில் நேர்மாறு. அங்கே அவளை எதுவும் கேட்பதில்லை. வீடு மாறியதையே சாமான் கட்டும்போதுதான் தெரிந்துகொண்டாள். அவளுக்குத் தலைவலி, தூக்கமின்மை. அவள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள், நான் அவளைப் பார்த்து. இரண்டில் எது உடம்பைக் கெடுக்கும்? இல்லை, இரண்டுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையா?

ஓரத்து நாற்காலி

முடிவெடுப்பதெல்லாம் ஒரு வேலையா அம்மா? மூட்டையா தூக்குகிறீர்கள்? உப்பைக் குறையுங்கள், தினம் அரைமணி நேரம் நடங்கள், பிரஷர் தானே இறங்கும்.

இரவுப்பணி

நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். 160/100 என்பது காரணத்தை ஆராய்ந்துகொண்டு உட்காரும் அளவு இல்லை. உங்களுக்கென்று தனியாக டாக்டரைப் பாருங்கள். வீட்டிலும் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதை இங்கே பேசிக்கொண்டே இருக்கலாம்.

நாற்காலி ஐயா சொல்லும் உப்பும் நடையும் சரிதான். அந்த அரைமணி நேரத்தை யார் கொடுப்பது என்பதுதான் மூத்தவளின் கேள்வியே.

நூலகப்பூனை

மூத்தவள் கேட்ட கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்பே குரங்கையும் எலியையும் வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் கொடுமையான கதை, ஆனால் இங்கே அப்படியே பொருந்துவதால் சொல்கிறேன்.

1958-இல் ஜோசப் பிரேடி என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு குரங்குகளை இரண்டிரண்டாக உட்காரவைத்தது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்னதிர்ச்சி வரும். ஆனால் ஒரு குரங்கின் கையில்தான் அதைத் தவிர்க்கும் விசை இருந்தது. அது நேரத்துக்கு அழுத்தினால் இரண்டும் தப்பிக்கும், மறந்தால் இரண்டுக்கும் அடி. விசை கையில் இருந்த குரங்குக்குத்தான் வயிற்றுப்புண் வந்தது, சும்மா உட்கார்ந்திருந்த குரங்குக்கு இல்லை. இதற்கு "நிர்வாகிக் குரங்கு" என்றே பெயர் வந்துவிட்டது. பொறுப்பில் இருப்பவனுக்குத்தான் அல்சர் என்று ஊரெல்லாம் பேச்சு.

அப்புறம்தான் ஓட்டை தெரிந்தது. விசையை வேகமாக அழுத்தக் கற்றுக்கொண்ட குரங்குகளாகப் பார்த்து நிர்வாகி ஆக்கியிருந்தார்கள். சுபாவத்திலேயே படபடப்பான குரங்குகளாக அவை இருந்திருக்கலாம், இல்லையா? குலுக்கல் முறையில் பிரிக்காத சோதனைக்கு இதுதான் கதி.

பத்து வருஷம் கழித்து ஜே வைஸ் என்பவர் எலிகளை வைத்து ஒழுங்காகச் செய்தார். விடை தலைகீழாக வந்தது. சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிக்குப் புண் குறைவு. அதே அளவு அதிர்ச்சி வாங்கிக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் கிடந்த எலிக்குத்தான் அதிகம். அதாவது உங்கள் தங்கை சொல்வது சரி.

இங்கேயே நிறுத்தினால் பாதிக் கதைதான். வைஸ் இன்னொன்றும் பார்த்தார். கையில் கட்டுப்பாடு இருந்தாலும், தான் செய்தது பலித்ததா இல்லையா என்று எலிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் பிழைத்தது. சரியாகச் செய்தும் அடி விழும்படி குழப்பிவிட்டால், கட்டுப்பாடு இருந்த எலிக்கே அதிகப் புண். ஆக நீங்கள் சொல்வதும் சரி.

மூத்தவள்

இதைப் படித்துவிட்டு ஃபோனை மூடிவைத்து விட்டேன். அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று போன வருஷம் நான்தான் சொன்னேன். அது சரியா தப்பா என்று எனக்கு எப்போது தெரியும்? அவர் நன்றாக இருந்தால் "பரவாயில்லை, இன்னும் ஒன்றும் ஆகவில்லை", அவ்வளவுதான். சரி என்று சொல்லி மணி அடிக்க யாரும் இல்லை. தப்பு என்றால் மட்டும்தான் தெரியவரும். பள்ளிக்கூடமும் அப்படித்தான், கடனும் அப்படித்தான்.

பாதிக்கிணறு

மூத்தவளின் இந்தப் பதிவுக்காகத்தான் உள்ளே வந்தேன். இதை வேறு எங்கும் எழுதியதில்லை.

என் அம்மா மூன்று வருஷத்துக்கு முன் வென்டிலேட்டரில் இருந்தார். நான் ஒரே மகன். ஒன்பதாவது நாள் டாக்டர் வெளியே வந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று கேட்டார். அத்தை, சித்தப்பா எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். அவ்வளவுதான். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, இன்றுவரை. ஆனால் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஒரு வருஷம் வந்தது. எட்டு கிலோ இறங்கினேன். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு முறை ஓடி இசிஜி எடுத்தேன், இரண்டு முறையும் ஒன்றும் இல்லை.

அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "எனக்கு இப்படி ஆனால் இன்னது செய்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

இரவுப்பணி

பாதிக்கிணறு, எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை இது. அடுத்தவருக்காகச் சிகிச்சை முடிவெடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2011-இல் ஒரு தொகுப்பு வந்தது. குறைந்தது மூன்றில் ஒருவருக்கு அந்த முடிவின் பாரம் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கூட நின்றிருக்கிறது. குற்ற உணர்ச்சி, "சரியாகத்தான் செய்தோமா" என்ற அரிப்பு. நோயாளி முன்பே என்ன விரும்பினார் என்று தெரிந்திருந்தவர்களுக்குப் பாரம் குறைந்ததாகவும் அதிலேயே வருகிறது. நீங்கள் கடைசி வரியில் எழுதியது அதுதான்.

இன்னொன்று, ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. நெருங்கிய உறவினர் ஊகிப்பது நோயாளியின் உண்மையான விருப்பத்தோடு ஏறக்குறைய 68 சதவீதம்தான் ஒத்துப்போகிறது என்று 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. மூன்றில் ஒன்று பிசகும். அம்மா மனசு மகனுக்குத் தெரியாதா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மூத்தவள், அப்பாவிடம் நேராகக் கேட்டீர்களா? ஆபரேஷன் வேண்டுமா என்று அவரிடம்?

மூத்தவள்

கேட்கவில்லை. பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

கறார்

பூனையாரே, எலியை விட்டு மனிதருக்கு வாருங்கள். இந்தப் பேச்சில் எனக்கு ரெண்டு சந்தேகம்.

முதலாவது, "முடிவெடுத்து முடிவெடுத்து மூளை களைத்துவிடும்" என்று எல்லா வாரப் பத்திரிகையிலும் எழுதுகிறார்கள். மன உறுதி என்பது செலவாகிற சரக்கு என்று 1998-இல் ஒரு குழு சொன்னது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதே பாணியில் திரும்பச் செய்து பார்த்தபோது, விளைவு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே அந்தக் கதையை யாரும் இங்கே எடுத்து வர வேண்டாம்.

இரண்டாவது, காரணம் எது, காரியம் எது? உடம்பு முடியாதவரை வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் கேட்காமல் விட்டார்களா?

நூலகப்பூனை

முதல் சந்தேகம் முழுக்க சரி. இரண்டாவதும் நல்ல கேள்வி. அதனால்தான் ஆரோக்கியமாக இருப்பவர்களை முதலில் கேட்டுவிட்டு, வருஷக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வுகள் வேண்டும். ஒன்று இருக்கிறது.

லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரை 1985-இல் மைக்கேல் மார்மட்டின் குழு பின்தொடரத் தொடங்கியது. வைட்ஹால் ஆய்வு என்பார்கள், இது இரண்டாவது. வேலையில் தன் கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று அதில் வந்தது பலருக்குத் தெரியும். 1979-இலேயே ராபர்ட் கராசெக் சொன்னதும் அதுதான்: வேலைச்சுமை மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, சுமை அதிகமாகவும் பிடி குறைவாகவும் இருப்பதுதான் கெடுக்கிறது.

அதிகம் பேசப்படாதது 2004-இல் வந்த கட்டுரை. அதே மனிதர்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். வீட்டில் நடப்பவை பெரும்பாலும் உங்கள் பிடியில் இருப்பதாக நினைக்கிறீர்களா என்பது மாதிரியான கேள்வி. இல்லை என்ற பெண்களுக்குப் பின்னாளில் இதயநோய் கூடுதலாக வந்தது. ஆண்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

ஆண்களுக்கு ஏன் இல்லை? என் ஊகம் இது, ஆய்வு சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் பிடி இல்லாத ஆணிடம் அந்த வீட்டின் விளைவுகளை யாரும் கேட்பதில்லை. பிடி இல்லாத பெண்ணிடம்தான் "ஏன் இப்படி ஆச்சு" என்று கேட்பார்கள். கறார் கேட்ட மாதிரி, இதுவும் குலுக்கல் சோதனை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாவிக்கொத்து

நான் மூத்தவளின் தங்கை மாதிரி. என் பெயர்தான் சாவிக்கொத்து, சாவி என்னிடம் இல்லை.

எனக்கு வயிற்றில் கட்டி இருந்தது. வலி தொடங்கி ஸ்கேன் எடுக்க ஏழு மாதம் ஆனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார் கணவர். மாமியார் "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார். டாக்டரிடம் நானே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பணம் யாரிடம், வண்டி யாரிடம், போய் வந்தபின் "யாரைக் கேட்டுப் போனாய்" என்பதற்குப் பதில் யாரிடம்? கடைசியில் நல்லவேளை சாதாரணக் கட்டிதான்.

வீட்டில் எனக்குச் சில முடிவுகள் உண்டு. என்ன சமைப்பது, திரைச்சீலை என்ன நிறம். இதைக் காட்டித்தான் "எல்லாம் அவள் ராஜ்ஜியம்தான்" என்பார்கள்.

இரவுப்பணி

இந்த ஏழு மாதத்துக்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு: முதல் தாமதம். பிரசவத்தில் ஏன் தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த தாடியஸ், மெயின் இருவரும் 1994-இல் மூன்று தாமதம் என்று பிரித்தார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மருத்துவமனைக்காரர்கள் மூன்றாவதைச் சரிசெய்யலாம், சாலை போடுபவர்கள் இரண்டாவதை. முதலாவது வீட்டுக்குள் இருக்கிறது, அங்கே யாரும் நுழைய முடிவதில்லை.

அதனால்தான் பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்புகளில் திருமணமான பெண்களிடம் நேராகவே கேட்கிறார்கள்: உங்கள் சொந்தச் சிகிச்சையை யார் முடிவு செய்வது? பெரிய சாமான் வாங்குவதை? உங்கள் உறவினரைப் பார்க்கப் போவதை? திரைச்சீலையின் நிறம் அந்தப் பட்டியலில் இல்லை, சாவிக்கொத்து.

கறார்

ஆனால் அந்தக் கேள்விக்கு "நானும் கணவரும் சேர்ந்து" என்று சொன்னாலும் பங்கெடுத்ததாகத்தான் கணக்கு. சேர்ந்து என்றால் என்ன? ஒருவர் சொல்லி இன்னொருவர் தலையாட்டுவதும் சேர்ந்துதானே?

சாவிக்கொத்து

எங்கள் வீட்டில் கேட்டால் நானும் "சேர்ந்துதான்" என்றுதான் சொல்லியிருப்பேன். கணவர் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்ல?

நடுக்கூடம்

என் பக்கமும் கொஞ்சம். நானும் மூத்தவள் வகைதான், ஆனால் ஆண். மனைவிக்கு வெளியூர் வேலை, வீடும் இரண்டு பிள்ளைகளும் அவளுடைய பெற்றோரும் என் பொறுப்பு. எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன்.

அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளைத் தனித்தனியாகப் பேட்டி கண்டு 2019-இல் எழுதினார். வீட்டு முடிவு ஒன்றை நான்காகப் பிரிக்கிறார்: வரப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் இருவரும் வந்து உட்காருகிறார்கள். மோப்பமும் கண்காணிப்பும் பெரும்பாலும் மனைவி தலையில். எங்கள் வீட்டில் அது என் தலையில், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படித்தபின்தான் எனக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்தது. என்னைத் தின்றது முடிவெடுப்பது இல்லை. பெரியவருக்கு மாத்திரை தீரப்போகிறது என்று பத்து நாளுக்கு முன்பே நினைவு வைத்திருப்பது. அதற்கு லீவு கிடையாது. குளிக்கும்போதும் ஓடும். மனைவி ஃபோனில் "என்ன செய்யணும் சொல்லு, செய்கிறேன்" என்பாள். அந்தச் சொல்வதுதானே வேலை!

இப்போது வேலையைப் பிரித்துக்கொள்வதில்லை, விஷயத்தையே முழுசாகக் கைமாற்றிவிட்டோம். பிள்ளைகளின் பள்ளி சம்பந்தப்பட்ட எல்லாமும் அவள், தூரத்திலிருந்தே. மோப்பம் முதல் கண்காணிப்பு வரை. முதல் மாதம் ஒரு கட்டணம் தேதி தவறியது, அபராதம் கட்டினாள். எனக்கு முன்பே தெரியும், சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அபராதத்தை விட அந்த மூன்று நாள் வாயை மூடியிருந்ததுதான் எனக்குச் செலவு. ரெண்டாவது மாதத்திலிருந்து தவறவில்லை. தூக்கம் வந்தது. பிரஷர் இறங்கியதா என்றால், மாத்திரையும் போடுகிறேன், எது எதனால் என்று எப்படிச் சொல்வது.

ஓரத்து நாற்காலி

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நேற்று மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். ராத்திரி மாத்திரை போட வேண்டும். டப்பாவில் நாலு அட்டை இருந்தது. எது சர்க்கரைக்கு, எது பிரஷருக்கு, எது ராத்திரிக்கு என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஃபோன் போட்டுக் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாள்.

அவளுக்கு என்ன மாத்திரை என்று திரும்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூட்டை என்று எழுதியதற்கு மன்னிக்கவும் அம்மா.

நூலகப்பூனை

நாற்காலி ஐயா, அது பெரிய மனசு.

நடுக்கூடம் சொன்னதோடு ஒட்டி ஒன்று. நோயுற்ற துணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களை, 66 வயதுக்கு மேற்பட்டவர்கள், அமெரிக்காவில் ஷுல்ஸும் பீச்சும் நாலு வருஷம் பின்தொடர்ந்து 1999-இல் எழுதினார்கள். பார்த்துக்கொள்வது பாரமாக அழுத்துகிறது என்று சொன்னவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களை விட இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகம். ஆனால் பார்த்துக்கொண்டும் அழுத்தம் இல்லை என்றவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. என் கண் எப்போதும் அந்த இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் போகும்.

மூத்தவள், அப்பா பற்றி ஒன்று. 1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மாடியில் இருந்தவர்களிடம் "உங்கள் அறை, உங்கள் நேரம், நீங்களே தீர்மானியுங்கள்" என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் பணியாளர்களே ஊற்றினார்கள். முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பானார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் முதல் கூட்டத்தில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 30. கறார் கோபித்துக்கொள்வதற்கு முன் நானே சொல்கிறேன்: மொத்தம் நூறு பேர்கூட இல்லை, இறப்புக் கணக்கில் ஒரு பிழை இருந்ததென்று பின்னால் திருத்தமும் வந்தது. இறப்பை நம்ப வேண்டாம். அவர்கள் எழுந்து நடமாடியதை நம்பலாம் என்று எனக்குப் படுகிறது.

கறார்

கோபம் இல்லை. நீரே சொல்லிவிட்டீர்.

பாதிக்கிணறு

இதையெல்லாம் படித்தபின் என் மனைவியையும் மகனையும் உட்காரவைத்து, எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மகனுக்குப் பதினாறு வயது, "இப்போ எதுக்குப்பா" என்று எழுந்து போய்விட்டான். பரவாயில்லை, தாள் அலமாரியில் இருக்கிறது.

மூத்தவள்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். நேற்று 138-க்கு 88. என் பெயரில் ஒரு ஃபைல் போட்டாயிற்று, பச்சை நிறம். கடனும் காப்பீடும் கணவருக்குக் கைமாறியது. "எது சரியென்று படுகிறதோ செய்யுங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அப்புறம் அவரே, "இதை என்னிடம் இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே, நான்தானே உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

தங்கைக்கு இன்னும் ஒன்றும் மாறவில்லை. சாவிக்கொத்தின் பதிவை மட்டும் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, தலைவலிக்குத் தனியாக டாக்டரைப் பார்க்க வேண்டும், என்னோடு வருகிறாயா என்று கேட்டாள். போகிறோம்.

அப்பாவிடம் கேட்டேன். ஆபரேஷன் பற்றி முழுசாகச் சொல்லி, உங்களுக்கு என்னப்பா தோன்றுகிறது என்றேன். அவர் பயப்படவில்லை. "ஒரு வருஷமா நீ கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்கிறார். எந்தக் கிழமை போகலாம் என்றால் வியாழன் என்கிறார். எனக்கு வியாழன் சுத்தமாக ஒத்துவராது. சரி என்று சொல்லிவிட்டேன். தம்பி கூட்டிப்போகிறான்.